அன்று சாரல் இல்லை

"கத்திய கழுவுனியளா?"

ஐந்தருவியில் பழக்கடை வைத்திருக்கும் பென்னியை அதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. நிமிர்ந்தான். மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள்... பெரிய, கோபக்காரக் கண்கள்!

"அருவித் தண்ணியில கழுவுனதுதான். மகாராணிக்கு வெந்நி வேணுமோ?"

"ஆமா. எனக்கு இதயம் மாத்தி ஆறு மாசந்தான் ஆகுது."

கத்தியைக் கீழே வைத்தான் அவன். முழு மங்குஸ்தான் ஒன்றைத் துடைத்து நீட்டினான். "தோல் தடிமன். நீங்களே உரிச்சுக்கிடுங்க..."

அடுத்த ஞாயிறும் சுரண்டையிலிருந்து பஸ் ஏறி வந்தாள் ஷாரோன். அதற்கடுத்த ஞாயிறும்... குளிக்கக் கூடாதவளுக்கு அருவியில் என்ன வேலை என்று கேட்டால், பாவம், என்ன சொல்வாள்?

ஐந்தாவது ஞாயிறு. அவள் துப்பட்டாவில், நெஞ்சருகே, உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். பென்னியின் பார்வை அங்கே போய் நின்றது.

"சாரல்..." என்றாள் அவசரமாக.

"ம்..." என்றான்.

ஆறியிருந்த ஆபரேஷன் காயம் நாலு நாளாக மறுபடி கசிந்துகொண்டிருந்தது. வீட்டில் சொன்னால் உடனே சென்னைக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். இந்த ஒரு ஞாயிறு மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள்.

அதுவே வினையாயிற்று. புதன்கிழமை காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. சீழ் நெஞ்செலும்பு வரை இறங்கியிருந்தது. அழுகிய எலும்பை எடுத்துவிட்டு, மார்புத் தசையைத் திருப்பி வைத்து மூடித் தைத்தார்கள். யாரோ ஒரு குடும்பம் அழுதுகொண்டே கொடுத்த இதயம்... அதை வைத்தா இப்படி விளையாடினேன் என்று தினமும் அழுதாள். பென்னியின் போனை மட்டும் எடுக்கவில்லை. பரிதாபப்பட்டு ஒருவன் வருவதா? வேண்டவே வேண்டாம்!

இரண்டு மாதம் கழித்து, தென்காசியில் கட்டு மாற்ற வந்தவள், ஆஸ்பத்திரி பெஞ்சில் அவனைக் கண்டு திகைத்தாள்.

"நேத்து உங்க போன எடுத்து உங்க அம்மைதான் சொன்னாவ..." என்று எழுந்தான்.

"பாவம் பாத்து வந்தியளோ?"

"மன்னிப்பு கேக்க வந்தேன். அன்னைக்குச் சாரலே இல்ல ஷாரோன். காலையிலருந்து வெயிலு. பழம் வாடிருமேன்னு நான் சாக்க நனைச்சுப் போட்டிருந்தேன்..."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா ஆஸ்பத்திரிக்குப் போயிருவிய. அடுத்த ஞாயிறு வரமாட்டியளேன்னு... அம்புட்டு ஆச உங்க மேல."

அவளும் அதற்காகத்தானே பொய் சொன்னாள்! குனிந்தாள். துப்பட்டா நனைந்தது.

"ஏட்டி! என்ன ஈரம் இது?" பதறிப்போனான் பென்னி.

"கண்ணீருதான்... நெசமா," என்றாள். "எனக்கும் அதே ஆசதான். அன்னைக்கே இப்படிக் கேட்டிருக்கலாமே..."