எலும்பிலிருந்து எடுத்த குரல்

இன்றைக்கு ஒரு நாள் மட்டும், கூப்பிட்டாலும் வராமல் இருந்துவிடுங்களேன்.

ஜெசிந்தா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வேலிக்கு அப்பால், தேரிக்காட்டின் செம்மணலில் நான்கு யானைப்பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் அவளைப் போல் இரு மடங்கு உயரம். பறக்கத் தெரியாதவை. பல நூற்றாண்டுகளுக்கு முன் மடகாஸ்கரில் அற்றுப்போய், முட்டை ஓட்டில் மிஞ்சிய மரபணுவால் மீண்டும் பிறந்தவை.

அவற்றைக் கூப்பிடத் தாய் இல்லை. அதற்குத்தான் குரல்மீட்பான். புதைபடிவ எலும்பின் உட்குழிவை அளந்து, அதில் காற்று எப்படி ஒலித்திருக்கும் என்று கணக்கிட்டு ஒலிக்கும் கருவி. விரல்நீளத் தொண்டை எலும்பு ஒன்றிலிருந்து அது மீட்ட கரகரத்த குரலை, முட்டைக்குள் இருக்கும்போதே ஜெசிந்தா அவற்றைக் கேட்கவைத்தாள். இப்போது அந்தக் குரலுக்கு எங்கிருந்தாலும் ஓடிவரும்.

"பறவைக் காய்ச்சல்தாம்மா," என்றார் பூங்கா இயக்குநர் பொன்னுத்துரை. "நாலையும் ஊசி போட்டு முடிக்கச் சொல்லி உத்தரவு. விரட்டிப் பிடிக்கப் போனா மிதிச்சே கொன்னுரும். நீ கூப்பிட்டா கொட்டகைக்குள்ள வந்துரும்லா."

கருவி அவள் கைரேகைக்கு மட்டுமே ஒலிக்கும்.

"சார், காலையில ஆய்வகத்துலேருந்து கடிதம் வந்துச்சு. நாம குரல் எடுத்தது தொண்டை எலும்பு இல்லயாம். கால் எலும்புத் துண்டாம். துளையெல்லாம் கத்தியால போட்டதாம்."

"யாரு போட்டது?"

"வேட்டைக்காரங்க. அது ஊதல், சார். தாய் மாதிரி ஊதுனா குஞ்சுக வரும்லா."

பொன்னுத்துரை தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"எதுவா இருந்தா என்னம்மா. அதுக்குத்தான வருதுக," என்றார் பின்பு. "நீ கூப்பிடலன்னா காவல் கோபுரத்துலேருந்து சுடுவாங்க. ஒரே குண்டுல விழாது. ஊசின்னா வலிக்காது. அதுகளுக்காவது செய்யேன்."

அவர் சொல்வது சரி என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. இரண்டு வருடங்களாக ஒவ்வொரு மாலையும் கூப்பிட்டு இரை வைத்தவள் அவள். தாயின் இடத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, யாருடைய இடத்தில் நின்றிருக்கிறாள்.

அவளைக் கண்டுவிட்ட ஒரு பறவை கழுத்தை நிமிர்த்தி, குரலுக்காகக் காத்து நின்றது.

ஜெசிந்தா விரல்களை மடக்கி, இரு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டாள்.

"இல்ல, சார்," என்றாள்.