நூற்றைம்பது டிகிரி

துளி சரியவில்லை. காலையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் படலத்தில் விட்ட தண்ணீர்த் துளிகளெல்லாம் அரை உருண்டையாக அமர்ந்து அடங்கியிருக்க, இது மட்டும் கேமராத் திரையில் முழு உருண்டையாக, படலத்தைத் தொடவே பிடிக்காததுபோல் நின்றது. துளி படலத்தைத் தொடும் கோணம் தொண்ணூறு இருக்க வேண்டும். திரையில் நூற்றைம்பது.

ஆய்வகத் தலைவருக்கு இது அதிசயமாகப் படவில்லை. உதவியாளரின் லட்சணமாகத்தான் பட்டது. அரை டிகிரி பிசகினாலே ஆளை நிற்கவைத்துக் கிழிப்பவர் என்பதால், முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘அரை டிகிரி’ என்றே பெயர். துளி விடும் ஊசியைப் பிடிக்கத் தெரியாதவளுக்குப் பட்டம் ஒரு கேடா என்று கேட்டார். ஊசியை மூன்று முறை சரிபார்த்துவிட்டதாக அவள் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் கையுறையைக் கழற்றினார்.

“வெறுங்கையால தொடாதீங்க சார்.”

“எனக்கே பாடம் எடுக்கிறியா?”

விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் அளவு கெட்டுவிடும். சுவரில் அதை எழுதி ஒட்டியவரே அவர்தான். ஆனால் விதியெல்லாம் மடையர்களுக்கு. கட்டைவிரலால் படலத்தை அழுத்தித் தேய்த்தார். ஏதோ ஒன்று ஜில்லென்று மணிக்கட்டுவரை ஏறியது. அடுத்த துளி விழுந்த வேகத்தில் பரந்து படிந்தது. “பாத்தியா?” என்று இளக்காரமாகச் சிரித்தார்.

கை கழுவப் போனார். குழாய் சீராக இரைந்தது, சோப்பு மணத்தது, ஆனால் தண்ணீர் உள்ளங்கையில் மணிமணியாக உருண்டோடித் தொட்டியில் விழ, கை மட்டும் காய்ந்தே கிடந்தது. முழங்கையிலும் அப்படித்தான். முகத்திலும். இமைத்தபோது காகிதம் உரசும் சத்தம் கேட்டது.

அவருக்குப் பயம் வந்தது. ஒரு டம்ளர் தண்ணீரை அப்படியே வாயில் கவிழ்த்தார். நாக்கின்மேல் குண்டுகளாக உருண்டது. தொண்டை வாங்கவில்லை. அத்தனையும் உதடு வழியே கொட்டியது. தண்ணீர் இறங்காத உடம்பு எத்தனை நாள் தாங்கும்? மூன்று நாள்.

கூப்பிட வாயைத் திறந்தார். உள்ளிருந்த ஈரமும் ஒட்டாமல் விலகிய தொண்டையிலிருந்து குரல் வரவில்லை. கால் மடிந்து விழுந்தார்.

சத்தம் கேட்டு அவள் ஓடிவந்து, தலையை மடியில் தாங்கி, முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

“சார், கண்ணை மூடுங்க. மூடித் திறங்க.”

இமை அசையவில்லை. தெளித்த தண்ணீரெல்லாம் கன்னத்தில் உருண்டு ஓடியது. ஒரு துளி மட்டும். கருவிழியின் மேல். முழு உருண்டையாக. அதற்குள் அவள் முகம் தலைகீழாக, கத்திக்கொண்டிருந்தது.