பின் சீட்டில் இருவர்

பயணம் தொடங்கிவிட்டது என்று போன் அதிர்ந்து சொன்னபோது, அவள் இன்னும் கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜைக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

மறந்து வைத்துவிட்டுப் போன ஸ்கேன் ஃபைலை உள்ளே யாரோ தேடிக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை. மாமியாரை வாசல் கூரைக்கு அடியில் இருந்த பெஞ்சில் உட்காரவைத்து, வண்டி வந்தாலும் ஏறாதீங்க, நான் வந்துடறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். பரிசோதனைக்காக விட்ட சொட்டு மருந்தில் அத்தைக்கு எல்லாமே கலங்கலாகத்தான் தெரிந்தது. இன்று முழுக்க அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

வண்டிக்குப் பதிவு செய்த ஆப்பில் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தாள். ஏனென்றால் போனில் வரும் நாலு எண்களை ஓட்டுநரிடம் சொன்னால்தான் பயணம் தொடங்கும். அந்த எண்கள் அத்தைக்குத் தெரியாது. அவை இருந்த போன் இவள் கையில் இருந்தது.

ஃபைலை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பெஞ்ச் காலியாக இருந்தது. அத்தை உட்கார்ந்திருந்த இடம் காய்ந்திருக்க, அதற்குப் பக்கத்திலேயே இன்னொருவர் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு மரப்பலகை நனைந்து, சொட்டுச் சொட்டாகக் கீழே வடிந்துகொண்டிருந்தது. கூரை எங்கும் ஒழுகவில்லை. நெடுநாள் மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தாற்போல் ஒரு வாடை.

எரிவாயு கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுக்கும் வேலை அவளுக்கு. பதறிப் பேசுகிறவர்களை நாள் முழுக்க அமைதிப்படுத்துகிறவள். கவலைப்படாதீங்க, பார்த்துச் சொல்றோம் என்று ஆயிரம் பேருக்குச் சொன்ன அதே குரலில் இப்போது தனக்கே சொல்லிக்கொண்டாள். வரைபடத்தில் வண்டி சரியான பாதையில், சிகிச்சைக்காக வந்த இந்த ஊரில் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. யாராவது நர்ஸ் பரிதாபப்பட்டு ஏற்றிவிட்டிருக்கலாம்.

அத்தைக்குப் போன் போட்டாள். நாலைந்து மணி அடித்த பிறகு எடுத்தார்.

"ஏம்மா, பக்கத்துல உக்காந்துகிட்டே எனக்குப் போன் பண்றியே," என்று சிரித்தார் அத்தை. "விளையாட்டா?"

 போனில் வைப்பர் கண்ணாடியைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"அத்தை, நான் இன்னும் ஆஸ்பத்திரிலதான் இருக்கேன். உங்க பக்கத்துல யாரு?"

அத்தை சிரிப்பை நிறுத்தினார். போனைக் காதிலிருந்து விலக்கி, பக்கத்தில் யாரிடமோ என்னவோ கேட்டார். பதில் வந்தது.

"வெச்சிடுங்க அத்தை. ராங் நம்பர்."

அது அவளுடைய குரல்.

தன் குரல் வெளியிலிருந்து எப்படிக் கேட்கும் என்று பலருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். மாதம் தவறாமல் மேலதிகாரி அவளுடைய அழைப்புகளைப் போட்டுக் காட்டிக் குறை சொல்வார். 'அத்தை'யில் வரும் அந்த லேசான இழுப்பு, வாக்கியத்தின் கடைசியில் மூச்சு கொஞ்சம் தேய்வது, எல்லாம் அப்படியே இருந்தன. லைன் துண்டிக்கப்பட்டது. திரும்பப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

ஓட்டுநருக்குப் போட்டால், அவர் தெரியாத மொழியில் இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிட்டார். ஆப்பில் இன்னொரு வண்டி கேட்டால், நீங்கள் ஏற்கெனவே பயணத்தில் இருக்கிறீர்கள் என்றது. மழையில் ஓடிப் போய், தெருமுனையில் நின்ற வாடகைக் காரின் கதவைத் திறந்து ஏறினாள். நரைத்த தாடி வைத்த ஓட்டுநரிடம் வீட்டு விலாசத்தைக் காட்டி, சீக்கிரம் என்று கையால் சைகை செய்தாள். அவர் முகத்தைப் பார்த்தே ஏதோ விபரீதம் என்று புரிந்துகொண்டவர்போல உடனே வண்டியை எடுத்தார்.

ஊர் அப்போதுதான் இருட்டிக்கொண்டு வந்தது. ஈரக் கண்ணாடியில் சிக்னல் விளக்குகள் சிவப்பும் பச்சையுமாகக் கரைந்து வழிந்தன. சீட்டின் பழைய துணி மணமும், ஹீட்டரின் காய்ந்த காற்றும், தன் புடவையிலிருந்து கிளம்பிய ஈர வாடையும் சேர்ந்து வண்டிக்குள் நிறைந்திருந்தன. போனில் அந்தச் சின்ன வண்டி திருப்பங்களில் நிதானமாகத் திரும்பி, அவளைவிட எப்போதும் கொஞ்சம் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

ஊரில் இருந்த கணவனுக்குப் போட்டாள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவன் குறுக்கே பேசவில்லை. பிறகு, விளையாடுகிறாளா என்று கேட்டான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அம்மா போனிலிருந்து அவளே கூப்பிட்டாளாம். அம்மாவும் நானும் வண்டியில் போய்க்கொண்டிருக்கிறோம், டிரைவருக்கு எவ்வளவு டிப்ஸ் கொடுப்பது இந்த ஊர் வழக்கம் என்று கேட்டாளாம். ஆப்பிலேயே போட்டுவிடு என்றதற்கு, இல்லை, கையில் கொடுத்தால்தான் எனக்குத் திருப்தி என்றாளாம். அம்மாவும் நன்றாகப் பேசினாராம்.

"அது நான் இல்லைங்க," என்றாள்.

 அவன் திரும்பப் பேசியபோது குரலில் இருந்த உரிமை போய்விட்டிருந்தது.

"யாருங்க நீங்க? என் சம்சாரம் போன் உங்க கையில எப்படி வந்துச்சு?"

அவள் அழுதாள். கல்யாண நாளன்று மேடையில் அவன் காதில் சொன்னது, அவனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்தது என்று எதையெதையோ சொல்லிப் பார்த்தாள். தன் குரல் நடுங்கி, கீச்சென்று, யாரோ ஒருத்தி தன்னைப்போல் பேசிக் காட்டுவது மாதிரி இருந்தது அவளுக்கே. அவன் வைத்துவிட்டான்.

போன் மறுபடி அதிர்ந்தது. பயணம் முடிந்தது. ஓட்டுநருக்கு நட்சத்திரங்கள் கொடுங்கள். அன்பளிப்பு தர விரும்புகிறீர்களா?

அவள் எதையும் தொடவில்லை. அந்தத் திரைக்கு மேலேயே, அத்தை ஏறிப்போன வண்டி ஓட்டுநரின் செய்தி வந்து நின்றது. அவர் மொழியில் எழுதியதை ஆப்பே தமிழாக்கியிருந்தது.

'அம்மா, நீங்கள் என் கையில் கொடுத்த பணம் ஈரமாக இருக்கிறது. துடைத்தாலும் காயவில்லை.'

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று.

'தயவுசெய்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.'

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. 

வண்டி அவர்கள் தெருவில் திரும்பியது. இருபுறமும் ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற குடியிருப்புகள். தெருவில் ஆள் இல்லை. வேறெந்த வண்டியும் இல்லை. வீட்டுச் சாவி அவள் பையில் இருந்தது. இருப்பதே ஒரு சாவிதான். ஆனாலும் மூன்றாவது மாடியில் விளக்கு எரிந்தது.

தாடிக்கார ஓட்டுநரும் அவள் பார்வை போன திசையில் குனிந்து மேலே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பி அவளைப் பார்த்தார். மறுபடி மேலே. அவள் கையில் வந்த நோட்டுகளை எல்லாம் நீட்டினாள், மீதி வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் வாங்கவில்லை. நீட்ட வந்த கையை மடியில் ஒளித்துக்கொண்டார். இறங்கு என்று உதடு மட்டும் அசைந்தது. அவள் கால் தரையில் பட்டதும் கதவு சரியாக மூடாமலேயே வண்டி கிளம்பிப் போய்விட்டது.

மழை நின்றிருந்தது.

ஜன்னல் திரை விலகியிருந்தது. அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், தெருவைப் பார்த்தபடி. ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட கருப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். முகத்தில் நிம்மதி. யாரோ சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிச் சிரித்தார்.

நாற்காலிக்குப் பின்னால் ஓர் உருவம். இதே நீலப் புடவை. இதே கொண்டை. தலையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, அத்தையின் தோள்மேல்.

"அத்தை."

 தொண்டை கிழியக் கத்தினாள். தெரு முழுக்க எதிரொலித்தது.

அத்தையின் சிரிப்பு நின்றது. அந்தக் கலங்கிய கண்கள் குரலைத் தேடின. கழுத்தை நீட்டினார். நாற்காலிக் கையைப் பிடித்து எழப் பார்த்தார்.

பின்னால் இருந்தவள் இரண்டு கைகளையும் முன்னே கொண்டுவந்தாள். அவசரமில்லாமல். குழந்தையைக் குளிரிலிருந்து காப்பதுபோல, உள்ளங்கைகளால் அத்தையின் காதுகள் இரண்டையும் பொத்தினாள்.

அத்தை மெல்லத் திரும்பவும் சாய்ந்துகொண்டார்.

தெருவில் நின்று அவள் கத்திக்கொண்டே இருந்தாள். மேலே, காதுகளைப் பொத்தியபடியே, அந்த முகம் குனிந்து அவளைப் பார்த்தது. அவள் வாய் திறக்கும்போதெல்லாம் அந்த வாயும் திறந்தது. அவள் மூடியபோது அது மூடவில்லை.