செவலை யாரைப் பார்த்து வாலாட்டியது

பங்குனி வெயிலில் மாட்டுவண்டி அந்த வீட்டு வாசலில் வந்து நின்றபோது பகல் பதினோரு மணி இருக்கும். கடம்பூருக்குக் கிழக்கே, ஊர் முடிந்து கரிசல்காடு தொடங்கும் இடத்தில் தனியாக நின்ற ஓட்டுவீடு. பிச்சையாவின் அக்கா வெயிலுகந்தம்மாள் போன சித்திரையில் அம்மை போட்டுச் செத்துப்போன வீடு. அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை. கோவில்பட்டி ஜின்னிங் மில்லில் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்துக்கொண்டதால், வேலையை விட்டு, மச்சினன் வீட்டில் ஒண்டியிருக்க மனமில்லாமல்தான் பிச்சையா மனைவி பாலம்மாளோடு இங்கே குடிவந்தான்.

வாசலில் அக்காவின் நாய் செவலை நின்றது.

"பாருங்க, ஒங்களக் கண்டதும் வாலாட்டுது," என்று சிரித்தாள் பாலம்மாள்.

வால் ஆடத்தான் செய்தது. ஆனால் விறைத்து நிமிர்ந்து, நுனி மட்டும் வெடவெடவென்று. உடம்பில் வேறு அசைவே இல்லை.

பக்கத்துக் காட்டுக்காரி பத்திரகாளி சாவியோடு வந்தாள். இத்தனை நாளும் நாய்க்குக் கஞ்சி ஊற்றியவள் அவள்தான். பாலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒம் புருசன மாதிரி ஒரு தம்பி யாருக்குக் கெடைக்கும் தாயி? நாங்கெல்லாம் பயந்துக்கிட்டு இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. கடேசி வாய்த் தண்ணி ஊத்துன கைல்லா அது!"

பிச்சையா வண்டியில் இருந்த அண்டாவை இறக்கக் குனிந்துகொண்டான்.

நாலைந்து நாள் ஒன்றும் இல்லை. நாய் மட்டும் ஒரு மாதிரி இருந்தது. பிச்சையா கிட்டே போனால் வாயை அகலத் திறந்து கொட்டாவி விடும். மூக்கை நக்கிக்கொள்ளும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டான்.

ஆறாம் நாள் உச்சிப்பொழுதில் பாலம்மாள் கூப்பிட்டாள். 

"ஏங்க, இங்கன வாங்க. சத்தம் போடாம வாங்க."

உள்ளறை வாசலில் செவலை வயிற்றைத் தரையில் தேய்த்தபடி ஊர்ந்துகொண்டிருந்தது. காது இரண்டும் பின்னால் மடிந்திருந்தன. வால் இடுப்போடு சேர்ந்து வளைந்து வளைந்து ஆடியது. அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல். பிறகு தலையை நிமிர்த்தி, ஒரு பொம்பளையின் முகம் இருக்கும் உயரத்துக்கு, வெறும் காற்றை அண்ணாந்து பார்த்தது.

அங்கே யாரும் இல்லை.

நாயின் கண்கள் மெதுவாக நகர்ந்தன. அறையிலிருந்து கூடத்துக்கு. கூடத்திலிருந்து தண்ணீர்ப் பானைக்கு.

பானை மேல் கவிழ்த்திருந்த செம்பு 'டங்' என்றது.

வாடிய வேப்பிலையும் மஞ்சளும் கலந்த வாடை ஒன்று அவர்களைக் கடந்து போனது.

மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும்.

பாலம்மாள் பொறுக்கமாட்டாமல் சிவனாண்டியைக் கூட்டி வந்தாள். காடு காடாக ஆட்டுக்கிடை போடுகிறவன். ஏழு காவல் நாய் வைத்திருந்தான். நாயோடு நாயாகத் திரிந்து அதன் பாஷை அவனுக்கு அத்துப்படி. ஒரு பகல் முழுக்கக் கூடத்து மூலையில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். உச்சி சாய்ந்தபிறகு வாசலுக்கு வந்தான்.

"வந்திருக்கது தெரிஞ்ச ஆளு," என்றான். "சோறு போட்ட ஆளு. இல்லன்னா இப்படிக் கொழையாது."

"அப்ப எதுக்கு அண்ணாச்சி நடுங்குது? கொட்டாவி கொட்டாவியா விடுதே?" என்றாள் பாலம்மாள்.

"அது தூக்கக் கொட்டாவி இல்லம்மா. பயத்துல விடுதது. மூக்க நக்குததும், மூஞ்சியத் திருப்புததும், 'என்னைய ஒண்ணும் செய்யாத'ன்னு கெஞ்சுதது. ஆனா அது அவியளப் பாத்துக் கெஞ்சல."

அவன் பிச்சையாவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"ஒங்களப் பாத்துத்தான் பயப்படுது அண்ணாச்சி. அத என்ன செஞ்சிய?"

பிச்சையா வேப்பமரத்தின் பக்கம் பார்வையைத் திருப்பினான். காது மடல் வரை எரிந்தது. பாலம்மாள் தன்னைப் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது.

என்ன செய்தான் என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். போன சித்திரையில் சேதி கேட்டு வந்தவன் அக்காவை ஒரே ஒரு தடவை பார்த்தான். முகம் முழுக்க அம்மை முத்து. பாயைவிட்டு எழுந்து, கையை நீட்டிக்கொண்டு, "தம்பி, தண்ணி" என்று அவனை நோக்கி வந்தாள். அவன் பின்வாங்கி, உள்ளறைக் கதவைச் சாத்தி, வெளியே நாதாங்கியை மாட்டினான். வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான். இரண்டு நாள். செவலை கதவைப் பிறாண்டும். ஓடிவந்து அவன் வேட்டி நுனியைக் கவ்வி வாசலுக்கு இழுக்கும். அது என்ன கேட்கிறது என்று அப்போதே அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கல்லால் அடித்தான். மூன்றாம் நாள் பிறாண்டல் நின்றது. அதன்பிறகுதான் நாதாங்கியை எடுத்தான்.

இது எதையும் அவன் சொல்லவில்லை. சிவனாண்டியும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் பாலம்மாள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். காற்றே இல்லை. வெளியே கரிசல் வெடித்துக் கிடந்தது.

செவலை வந்தது. கொட்டாவி விடவில்லை. முகத்தைத் திருப்பவில்லை.

அவன் வேட்டி நுனியைக் கவ்வியது.

இழுத்த இழுப்புக்குப் போனான். உதற அவனுக்குக் கை எழவில்லை. உள்ளறை வாசல்படியைத் தாண்டியதும் நாய் வேட்டியை விட்டுவிட்டு வெளியே போனது.

கதவு சாத்திக்கொண்டது.

வெளியே நாதாங்கி விழும் சத்தம்.

இருட்டு. ஓட்டுச்சூடு தலையில் இறங்கியது. வேப்பிலை வாடை மூக்கை அடைத்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கத்தினான், இருமல்தான் வந்தது. வெளியே பிறாண்டும் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து கேட்கும்போது அது எப்படி இருக்கும் என்று அவன் நினைத்தே பார்த்ததில்லை.

மூலையில் பாய் சரசரத்தது.

"தம்பி."

கோபமே இல்லாத குரல். அதுதான் அவனைக் கொன்றது.

"தம்பி... தண்ணி."

பாலம்மாள் வந்து கதவைத் திறந்தபோது அவன் நிலைப்படியில் முகத்தைப் புதைத்துக் கிடந்தான்.

"வெளிய யாரு மாட்டுனது?" என்றாள் அவள்.

"நாந்தான்," என்றான். "அன்னைக்கு நாந்தான்டி மாட்டினேன். தண்ணி ஊத்தல. யாருக்கும் நான் தண்ணி ஊத்தல."

அவள் முழுவதையும் கேட்டாள். அழவில்லை, திட்டவில்லை. "ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லிருங்க," என்றாள்.

சித்திரையில் வருஷத் திதி அன்று, சாப்பிட உட்கார்ந்த ஜனங்கள் முன்னால் எழுந்து நின்று சொன்னான். பத்திரகாளி இலையை மூடிவிட்டு எழுந்தாள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை; யாரும் அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை. பேசியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

செவலையை சிவனாண்டி தன் ஆட்டுக்கிடைக்குக் கூட்டிப் போனான். வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் கோவில்பட்டிக்கு, பாலம்மாளின் அண்ணன் வீட்டுக்கே ரயிலேறினார்கள். வண்டியில் அவள் அவனுக்கு எதிரே உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தார்கள். பட்டப்பகல். பாலம்மாள் நாலெட்டு முன்னால் நடந்தாள். பிச்சையாவுக்குப் பின்னால் யாரும் இல்லை.

மிட்டாய்க்கடை நிழலில் ஒரு கறுப்பு நாய் படுத்திருந்தது. முன்பின் பார்த்திராத தெருநாய். அவனைக் கண்டதும் தலையைத் தூக்கியது. கொட்டாவி விட்டது. மூக்கை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியது.

பிறகு, அவன் தோளுக்குப் பின்னால், ஒரு பொம்பளையின் முகம் இருக்கும் உயரத்துக்கு அண்ணாந்து பார்த்தது.

காது இரண்டும் மடிந்தன. வயிற்றைத் தரையில் தேய்த்து ஊர்ந்து வந்து, அவனைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், வாலைக் குழைத்துக் குழைத்து ஆட்டத் தொடங்கியது.