கோலில் இரண்டு கோடுகள்

வெர்னா ஹாஸ்கெட் காரின் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தாள். ஆர்டித் கோம்ப்ஸ் அப்போதுதான் இரண்டாவது கோப்பை காபியை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“என் மருந்துல யாரோ கை வச்சிருக்காங்க, ஆர்டித். பன்னெண்டு மணிக்கு கிளப்புல ஓட்டு. அதுக்குள்ள நீ வந்து பாக்கலேன்னா என் ஆலை போச்சு.”

வெர்னா, தெற்கு இண்டியானாவில் கறுப்பு வெடிமருந்து அரைக்கும் சின்ன ஆலைக்காரி. குழாயின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இடித்துச் சுடும் துப்பாக்கிக்காரர்கள்தான் அவளுடைய வாடிக்கை. இந்த ஆண்டு கிளப் அவள் மருந்தையும், புதிதாக வந்த மாற்று மருந்தையும் ஒரே துப்பாக்கியில் சுட்டு ஒப்பிட்டது. புதியது நொடிக்கு இருநூறு அடி கூடுதல் வேகம் காட்டிவிட்டது. இனி எந்த மருந்தை வாங்குவது என்பதற்குத்தான் இன்றைய ஓட்டு; கிளப்பும் கைவிட்டால் ஆலையை மூடவேண்டியதுதான். வேலை செய்யும் இருவரிடமும் அதை நேற்றே சொல்லிவிட்டு, இரவெல்லாம் அழுதிருக்கிறாள்.

ஆர்டித் ஓய்வுபெற்ற வனக்காவலர். அவசரம் என்பதே அவள் அகராதியில் கிடையாது. அவளுடைய கொழுந்தன் விர்ஜிலுக்கோ துப்பறிவது என்றால் சோறு தண்ணி வேண்டாம். குற்றவாளி யார் என்பதைப் போகிற வழியிலேயே முடிவுகட்டிவிடுவான்.

“கிளின்ட்தான் அண்ணி. புது மருந்தை விக்கிறவன் அவன்தானே. பல்லக் காட்டுற விதமே சரியில்ல.”

“பல்லு எடுப்பா இருக்குறது குத்தமில்ல விர்ஜில். ரோட்டப் பாத்து ஓட்டு.”

சுடுதளத்து மேசையில் எல்லாம் அப்படியே இருந்தன. சோதனையை நடத்திய எம்மெட் க்ரூக் பக்கத்தில் நின்றார். நகைக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், முப்பது ஆண்டாகக் கறுப்பு மருந்தில் சுடுகிறவர். அவர் நேர்மையைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு கிடையாது. கிளின்ட் சற்றுத் தள்ளி நின்றான். விர்ஜில் அவனை முறைத்துக்கொண்டே வெர்னாவின் மருந்து டப்பாவை மோந்து பார்த்தான்.

ஆர்டித் முதலில் வேகங்கள் எழுதிய தாளைப் பார்த்தாள். வெர்னாவின் மருந்தில் ஐந்து குண்டுகள்: 1688, 1692, 1690, 1686, 1691. பிறகு மருந்து அளக்கும் பித்தளைக் குழலுக்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தாள். துணி வெள்ளையாகவே வந்தது. கடைசியில், மருந்து இடிக்கும் கோலைக் கையில் எடுத்தாள். அதில் ஒரு விரற்கடை இடைவெளியில் இரண்டு பென்சில் கோடுகள் இருந்தன.

“இது எதுக்குண்ணே?”

“குண்டு மருந்து மேல போய் உக்காந்திடுச்சான்னு பாக்கத்தான். கோடு குழாய் வாய்க்கு நேரா வந்தா சரி. ஒண்ணு வெர்னா மருந்துக்கு, ஒண்ணு புதுசுக்கு. புதுசுக்குக் கோல் கொஞ்சம் வெளிய நிக்குது,” என்றார் எம்மெட்.

ஆர்டித் எல்லோரையும் உட்காரச் சொன்னாள்.

“வெர்னா, உன் மருந்துல யாரும் கை வைக்கல. ஈரம் பட்டதோ கலப்படமோ இப்படி ஒரே சீரா ஓடாது. ஒண்ணு ஏறும், ஒண்ணு விழும். இங்க ஆறு அடிதான் வித்தியாசம்.”

விர்ஜிலின் முகம் தொங்கிப்போயிற்று. “அப்ப கிளின்ட்?”

“அவன் பாட்டுக்கு நிக்கிறான், விடு. இங்க எல்லாரும் மருந்தைக் குழல்லதான் அளப்போம், எடை போட மாட்டோம். எந்த மருந்தா இருந்தாலும் ஒரே குழல்ல அளந்தா, குண்டு ஒரே உயரத்துல உக்காரும். ஒரு கோடு போதும். இங்க ரெண்டு. குழலும் தொட்ட தடமே இல்லாம சுத்தமா இருக்கு. எம்மெட் அண்ணே, வீட்டுலயே தராசுல நிறுத்துதானே கொண்டுவந்தீங்க?”

எம்மெட் திகைத்துப்போனார். “குழல்ல அளக்குறது குத்துமதிப்பு இல்லையா? ரெண்டு பேருக்கும் நியாயமா இருக்கட்டுமேன்னு நகைத் தராசுல சரிசமமா நிறுத்தேன்.”

“கறுப்பு மருந்துக்குத் தராசும் குழலும் ஒத்துப்போகும். அதான் முப்பது வருஷமா உங்களுக்குத் தெரியல. புதுசு லேசான மருந்து. அதே எடை வரணும்னா மூணுல ஒரு பங்கு கூடுதலாப் போகும். வேகம் அதுல வந்ததுதான். இலக்குப் பலகையில புதுசோட குண்டெல்லாம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறிக் கிடக்கே, அதுவும் அதனாலதான்.”

கிளின்டுக்கு வியர்த்துவிட்டது. “எடை போடாதீங்கன்னு டப்பாவுலயே போட்டிருக்கே, பெரியவரே. துப்பாக்கி தாங்குனதே பெருசு.”

“முப்பது வருஷம் சுட்டவன் டப்பாவையா படிப்பான்?” என்றார் எம்மெட். சொல்லிவிட்டு டப்பாவை எடுத்து அந்த வரியைப் படித்தார். விஷயம் அந்த மேசையோடு முடிந்திருக்கலாம், அவர் முடியவிடவில்லை. உறுப்பினர்கள் கூடியிருந்த கொட்டகைக்கு நடந்துபோய், தொப்பியைக் கழற்றிக்கொண்டு, தப்பு தன்னுடையது என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். அந்த மனிதரை எனக்கு அதனாலேயே பிடிக்கும்.

மறுபடி சுட்டார்கள். இந்த முறை கிளின்டே குழலில் அளந்து கொடுக்க, விர்ஜில் ஒவ்வொரு அளவையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். புது மருந்து 1720 அடி, தேநீர்த் தட்டுக்குள் ஐந்து குண்டு. வெர்னாவின் மருந்து 1690, காபிக் கோப்பையின் அடிக்குள் ஐந்தும்.

“முப்பது அடிய வச்சு மான் என்ன பண்ணப்போகுது?” என்றார் ஒருவர். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. கைகளை எண்ணும்போது வெர்னாவுக்கு இருபத்தாறு, மற்றதற்கு ஐந்து. கிளின்ட் வந்து அவள் கையைக் குலுக்கினான்.

வெர்னா கொட்டகைக்கு வெளியே போய்ப் போனை எடுத்தாள்.

“நான்தான். நேத்து சொன்னதை மறந்துடுங்க. திங்கக்கிழமை ரெண்டு பேரும் வேலைக்கு வாங்க.”