முன்போலவே

மூன்று மணிக்கு எண்ணிப் பார்த்தபோது நாடி சரியாக எழுபத்தெட்டு துடித்தது. தமிழ்ச்செல்விக்கு அது பிடிக்கவில்லை. ராமதாஸ் ஐயாவின் கையைத் தொடாமலே, இரண்டு மணிக்கே அவள் கம்ப்யூட்டரில் போட்டுவைத்த எண் அது.

அவள் மோசமான நர்ஸ் இல்லை. விளாங்குடியில் இருபது படுக்கை உள்ள அந்த ஆஸ்பத்திரியில் பதினாலு வருஷமாக வேலை பார்க்கிறாள். போன மாதம் நோட்டுகளை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு, இனி எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. சீக்கிரம் கற்றுக்கொண்ட பாவத்துக்கு, மற்ற நர்ஸ்களுக்குச் சொல்லித்தரும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. வார்டு வேலையில் ஒரு துரும்பும் குறையவில்லை. மணிக்கொரு தடவை ஒவ்வொருவருக்கும் நாடி, மூச்சு, காய்ச்சல், பிரஷர் பதிய வேண்டும். பதியாவிட்டால் கட்டம் சிவப்பாகும், மேலிருந்து போன் வரும். திரையின் ஓரத்தில் 'முன்போலவே' என்று ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் போன மணியின் எண்கள் அப்படியே அடுத்த மணிக்கும் விழும். இரண்டு நாளாக வீட்டுக்குப் போகாத தமிழ்ச்செல்வி, ராமதாஸ் பெயரில் அதை மூன்று தடவை அமுக்கியிருந்தாள். மூன்று, நாலு, ஐந்து மணிகளுக்கு, முன்கூட்டியே. அன்னக்கொடி அக்காவுக்குப் பாடம் எடுக்க நேரம் வேண்டுமே.

அன்னக்கொடிக்கு வயது ஐம்பத்தாறு. எப்பேர்ப்பட்ட கையிலும் நரம்பு பிடித்து ஊசி போட்டுவிடுவாள். மவுஸைத் தொட்டால் மட்டும் விரல் நடுங்கும். மாதக் கடைசிக்குள் கற்றுக்கொள்ளாவிட்டால் துணி துவைக்கும் பகுதிக்கு மாற்றிவிடுவார்களாம்.

"சும்மா அமுக்குங்கக்கா. கடிக்காது."

"அது கடிக்காது தாயி. நாந்தேன் எதையாச்சும் அமுக்கி ஆளக் கொன்னுருவேனோன்னு பயமா இருக்கு."

தமிழ்ச்செல்விக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. 'முன்போலவே' பட்டனை மட்டும், திறந்திருந்த ராமதாஸ் பக்கத்தில் காட்டினாள். மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று, அவளைப் பக்கத்து அறைக் கம்ப்யூட்டரில் பழக உட்கார வைத்துவிட்டு வந்தாள்.

ராமதாஸுக்கு இனி வைத்தியம் இல்லை. குழாய், மெஷின் எதுவும் வேண்டாம் என்று அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். ஜவுளிக்கடை வைத்திருந்த மனிதர். பேச்சு எப்போதும் பக்குவமாக இருக்கும். "நேரம் வந்தா என்னைப் புடிச்சு வைக்காதம்மா. நிம்மதியா விட்டுரு" என்று முந்தாநாள் அவள் கையைப் பிடித்துக் கேட்டார். விட்டுவிடுகிறேன் ஐயா என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

நாலே முக்காலுக்கு, பினாயில் வாடையும் யாரோ உரித்த சாத்துக்குடியின் வாடையும் சித்திரை வெக்கையில் கலந்து வார்டு முழுக்க நிற்க, வெளியே திண்டுக்கல் ரோட்டில் பஸ்கள் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போக, இத்தனைக்கும் அடியில் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஒரு சத்தம் நின்றுபோனதை அவள் காதுதான் முதலில் கண்டுபிடித்தது. ராமதாஸின் மூச்சு.

கழுத்தில் துடிப்பு இல்லை. டார்ச் அடித்தாள். கண்மணி சுருங்கவில்லை. பதினாலு வருஷத்தில் எத்தனையோ பேரைப் பார்த்தவள். இதில் அவளுக்குத் தப்பு வராது. அழுகை வந்தது, கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. பெங்களூரிலிருந்து காரில் வரும் மகள் காவ்யஸ்ரீதான் பாவம், திண்டுக்கல்லைத் தாண்டிவிட்டாள்.

மேஜைக்குப் போய், டாக்டர் இருக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும். மணி ஐந்தானது. எதிரில் திரையில் ஐந்து மணிக் கட்டம் பச்சையாக நின்றது. எழுபத்தெட்டு.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

அவள் திரும்பிப் போய் ராமதாஸின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஈரச் சுவர் மாதிரி சில்லென்று இருந்த அந்தக் கைக்குள் நாடி துடித்தது. ஒரு நிமிஷம் எண்ணினாள். எழுபத்தெட்டு. மூச்சு பதினாறு. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தாள். அக்குளும் சில்லென்றுதான் இருந்தது. தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு காட்டியது. எல்லாம் அவள் போட்டதுதான்.

ராமதாஸ் அவளையே பார்த்தார். உதடு மெல்ல அசைந்தது.

"விட்டுரும்மா."

ஐந்தரைக்கு காவ்யஸ்ரீ ஓடி வந்தாள். அப்பா கண் திறந்திருப்பதைப் பார்த்ததும் தங்கள் வீட்டு மொழியில் ஏதேதோ சொல்லிச் சிரித்தாள், அழுதாள், கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"கை ஏன் சிஸ்டர் இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

"ஃபேன் காத்துங்கம்மா."

பொய் சொன்ன வாய் கசந்தது. ஐந்து மணிக்கு மேல் அவள் எதுவும் போடவில்லை. ஆறு மணிக் கட்டம் காலி. அது சிவப்பாகட்டும். போன் வரட்டும், வேலை போகட்டும். தொடப்போவதில்லை. அவர் போய்விடுவார்.

"சொல்ல வேண்டியதெல்லாம் ஆறு மணிக்குள்ள சொல்லிருங்கம்மா" என்றாள். காவ்யஸ்ரீ புரியாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

ஐந்து ஐம்பது. கடிகார முள். மூச்சு. முள். மூச்சு. படுக்கையிலிருந்து லேசாக ஒரு வாடை. பினாயில் இல்லை. சாத்துக்குடியும் இல்லை.

ஆறு.

மூச்சு நிற்கவில்லை.

மேஜைக்கு ஓடினாள். கட்டம் பச்சை. எழுபத்தெட்டு.

பக்கத்து அறை வாசலில் அன்னக்கொடி நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நாந்தேன் தாயி போட்டேன். நீ களைச்சுப் போயி நிக்கிறியேன்னு பாத்தேன். கை நடுங்கவே இல்ல, பாத்துக்க."

"எம்புட்டு தூரம்க்கா போட்டீங்க?"

"அமுக்க அமுக்க வந்துக்கிட்டே இருந்துச்சுத்தா. நானும் அமுக்கிக்கிட்டே இருந்தேன்."

தமிழ்ச்செல்வி திரையை இறக்கினாள். ஏழு மணி. எட்டு. நாளை. மறுநாள். அடுத்த மாதம். ஆடி. தீபாவளி. பச்சை. பச்சை. இறக்கிய விரல் வலித்தது, முடிவு வரவில்லை. அழிக்கப் பார்த்தாள். மேலிடத்து அனுமதி வேண்டும் என்றது. கேட்டு அனுப்பினாள். திங்கட்கிழமை பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அன்று வெள்ளி.

காவ்யஸ்ரீ அப்பாவின் கைமேல் தலை வைத்துத் தூங்கிப்போயிருந்தாள். சுவரிலிருந்து கட்டிலின் கம்பி வழியாக எறும்புகள் சாரையாக இறங்கித் தலையணையைத் தாண்டி, ராமதாஸின் திறந்த இடது கண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தன. அவர் இமைக்கவில்லை. வலது கண் தமிழ்ச்செல்வியைப் பார்த்தபடி இருந்தது. மார்பு ஏறி இறங்கியது, நிமிஷத்துக்குப் பதினாறு.