கரட்டு மலையின் நீலத் திட்டு

“இரும்பெல்லாம் இறக்குங்க!” என்றாள் மாதங்கி.

மூன்றாவது நாளும் அதே சடங்குதான். காட்டுக்குள் மேசைபோல் கிடந்த தட்டைப் பாறைமேல் வழிகாட்டி சடையன் தன் கொடுவாளை வைத்தார். கருவிக்காரன் அருளப்பன் பெல்ட், சாவிக்கொத்து, சம்மட்டி, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் குவித்தான். மாதங்கி தன் ஹேர்பின்னை உருவி வைத்தாள்.

“உங்க கொடுவாள் துரு என் டிபன் பாக்ஸ்ல ஏறிடுச்சு, அண்ணே!”

“தினம் தீட்டுற கொடுவாள்ல துரு ஏது தம்பி? உன் டப்பா லட்சணம் அப்படி!”

மாதங்கி சிரிக்கவில்லை. அவள் கவனமெல்லாம் முதுகில் கட்டியிருந்த காந்தமானியில்தான். மண்ணுக்கடியில் கிடக்கும் காந்தக் கல்லை மோப்பம் பிடிக்கும் கருவி அது. பக்கத்தில் ஒரு ஊசி இருந்தாலும் குழம்பிவிடும்.

மாசி மாதம் ஒரு ஹெலிகாப்டர் இந்த மலைமேல் ஏர் ஓட்டுவதுபோல வரிவரியாகப் பறந்தது. அதன் அடியில் நீண்ட வடத்தில் தொங்கிய கருவி சொன்ன எண்களை வைத்து மாதங்கி வரைபடம் தயாரித்தாள். அவளது முதல் வரைபடம். அதில் இந்த மலைச்சரிவில் மட்டும் கருநீலமாக ஒரு திட்டு! நம் நாட்டுத் தெற்கில் காந்தக் கல்லுக்கு மேலே போனால் எண் ஏறாது, சரியும். அந்தச் சரிவைத்தான் நீலமாகத் தீட்டியிருந்தாள். அங்கே செம்பும் சேர்ந்திருக்கலாம் என்று அவள் சொன்னபோது நிலவியல் அலுவலகத்துப் பெரியவர்கள் புன்னகைத்தார்கள்.

“காத்துல கருவி ஆடியிருக்கும்மா.”

“இருக்கு சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வனத்துறை தந்த அனுமதி இன்று மாலையோடு முடிகிறது. வெறுங்கையோடு இறங்கினால் மலையும் வரைபடமும் சேர்ந்து மூலைக்குப் போகும்.

முள்ளைக் கிழித்துக்கொண்டு நடந்தார்கள். பத்தடிக்கு ஓர் எண். மாதங்கி படிக்க, அருளப்பன் எழுதினான். மூங்கில் புதரைத் தாண்டியதும் சடையன் கையை நீட்டித் தடுத்தார்.

“அசையாதீங்க!”

இருபதடி தூரத்தில் ஒரு காட்டெருமை! மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்டது.

“கொடுவாளை வெச்சிட்டு வரச் சொன்னீங்களே மேடம், இப்ப உங்க மிஷினைக் காட்டி விரட்டுங்க” என்று முணுமுணுத்தார் சடையன்.

எருமை நெடுநேரம் அவர்களைப் பார்த்தது. பிறகு அலுத்துப்போனதுபோல் திரும்பி நடந்தது.

மதியமும் கழிந்தது. எண்கள் அசையவே இல்லை. மேற்கே வானம் கறுத்தது.

“மழை வந்தா ஓடையைத் தாண்ட முடியாது! நான் சாமானோட முன்னாடி போறேன், பின்னாலயே வாங்க!” சடையன் பாறைமேல் இருந்த இரும்பையெல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

மாதங்கி கருவியை அணைக்கவும் மறந்து நடந்தாள். எங்கே தவறியது? ஹெலிகாப்டர் பார்த்ததைக் காலால் நடந்தவளால் ஏன் பார்க்க முடியவில்லை? அந்தக் கேள்வியோடு தட்டைப் பாறையைக் கடந்தபோது திரை கண்ணில் பட்டது.

எண் சரிந்துகொண்டிருந்தது.

நின்றாள். “அருளப்பா, இங்க ஏதாவது விட்டுட்டாரா?”

“ஒண்ணும் இல்ல மேடம். உங்க ஹேர்பின்கூட மூட்டையிலதான்.”

ஓரடி வைத்தாள். இன்னும் சரிந்தது. அவள் நோட்டைப் பிடுங்கிப் புரட்டினாள். மூன்று நாளும் இந்த இடத்துக்கு நேராக அருளப்பனின் உருண்டைக் கையெழுத்து: “இரும்பு வைத்த இடம். அளக்க வேண்டாம்.”

முதல் மழைத்துளி நோட்டில் விழுந்தது.

“அப்படி எழுதச் சொன்னதே நான்தான்” என்றாள் மெதுவாக. பிறகு பாறைமேல் கைவைத்துத் தேய்த்தாள். விரலெல்லாம் செங்காவி!

“மேடம்! என் டிபன் பாக்ஸ் துரு!”

“சடையண்ணே! சம்மட்டி!”

அவர் மூட்டையோடு மூச்சிரைக்க ஓடி வந்தார். வேர் பிளந்திருந்த விளிம்பில் அருளப்பன் ஓங்கி அடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று! துருத்தோல் உடைந்தது. உள்ளே பாசிபோல் பச்சை. அதற்கும் உள்ளே கறுப்புக் கல்லில் பித்தளை நிறப் பொட்டுகள் மின்னின. கல் கைக்கு மீறிக் கனத்தது.

“செம்பு!” என்று கத்தினான் அருளப்பன்.

சடையன் அதைப் புரட்டிப் பார்த்தார். “இதுமேலயா மூணு நாளா என் கொடுவாளை வெச்சேன்!”

முழங்கால் அளவு ஓடிய ஓடையை, ஆளுக்கொரு கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு தாண்டினார்கள். மறுநாள் அந்தக் கற்கள் அலுவலக மேசையில் இறங்கின. இந்த முறை யாரும் புன்னகைக்கவில்லை, குனிந்து பார்த்தார்கள். கரட்டு மலையை மேற்கொண்டு ஆராய அன்றே முடிவாயிற்று.

மாதங்கியின் குழு இப்போதும் இரும்பை இறக்கிவிட்டுத்தான் காட்டுக்குள் நடக்கிறது. ஆனால் இறக்கும் இடத்தை முதலில் அளந்துவிடுகிறார்கள்.